பேர் தங்காத வண்டி

தூத்துக்குடியில் காலையில் கழுவித் துடைத்து நிறுத்திய காரின் மேல் மதியத்துக்குள் உப்பு படிந்துவிடும், உப்பின் மேல் துறைமுகத்து நிலக்கரித் தூள் படிந்துவிடும், அதற்கும் மேல் லாரிகள் கிளப்பிவிட்ட செம்மண் வந்து சொகுசாக உட்கார்ந்துகொள்ளும் என்பதால், வீடு தேடிப் போய்க் கார் கழுவிப் பாலிஷ் போடும் வண்டி ஒன்றை சுயம்புக்கனி வாங்கியபோது, இந்தத் தொழில் ஓடாது என்று ஊரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அதற்கு என்ன பேர் வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு பேசினார்கள்.

வண்டி பழைய குட்டியானை மினி லாரி. பின்னால் தண்ணீர் டாங்க், மோட்டார், பாம்பு மாதிரி சுருட்டி வைத்த ஓஸ், தூசி உறிஞ்சும் மிஷின். கார் கம்பெனி ஷெட்டில் வாட்டர் வாஷ் பார்த்துக் கை தேறிய கனிதான் ஓட்டுவாள், பக்கத்து சீட்டில் பனியன் துணி நிரம்பிய வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய மாமியார் உட்கார்ந்திருப்பாள். அந்த மாமியாரின் மகன், அதாவது கனியின் புருசன், குலசாமியின் பேரைத் தாங்கிய ஐகோர்ட்ராஜா, ஓசூரில் கம்பெனி வேலை என்று கிளம்பிப் போனவன், முதலில் வாரத்துக்கு ஒருமுறை போன் போட்டான், பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போட்டான், பிறகு நம்பரையே மாற்றிவிட்டான். மகன் விட்டுப்போன வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒன்றாகக் குடியிருப்பதைத் தெரு கொஞ்ச காலம் வேடிக்கை பார்த்தது, அப்புறம் அதற்கும் அலுத்துப்போனது.

காரின் வெளிப்பக்கம் கனிக்கு, உள்பக்கம் முழுக்க அத்தையின் ராஜ்ஜியம். ஏசி ஓட்டைக்குள் காது குடையும் பஞ்சை விட்டுத் தூசி எடுப்பாள், சீட்டுக்கு அடியில் கிடைப்பதை வைத்து அந்தக் குடும்பத்தின் ஜாதகத்தையே கணித்துவிடுவாள். "டாக்டரம்மா வீட்டுக்காரரு சுகர்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டு, கார்ல உக்காந்து மக்ரூன் திங்காவ, பாத்துக்க" என்பாள். வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து கனிக்கு ஸ்டியரிங் ஆடும்.

பேர் வைத்தே ஆக வேண்டிய கட்டாயம் கடற்கரைச் சாலை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்து வந்தது. அங்கே கார்கள் ஏராளம், எல்லாவற்றையும் மாதச் சந்தாவில் கழுவத் தரத் தயார், ஆனால் பேர் போடாத வண்டியை கேட்டுக்குள் விட மாட்டோம் என்று அதன் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். உடனே சொந்தபந்தம் கூடியது. அத்தையின் அண்ணனும் கனி பெரியப்பா என்று கூப்பிடுகிறவருமான சொர்ணவேல், பக்கோடாப் பொட்டலத்தைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டு, தொழில் என்றால் முதல் மரியாதை செத்தவருக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். அப்படித்தான் அத்தையின் காலமான புருசர் தவசிலிங்கத்தின் பேர் முடிவானது. அத்தைக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. புருசன் பேரை அவள் ஆயுசில் வாயால் சொன்னதில்லை. போன் வந்தால் "எங்க வீட்டு அவிய கார் வாஷ்" என்றுதான் சொல்ல முடியும்.

ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் பால்துரை ஆரஞ்சு நிறத்தில் எழுத்து வெட்டி வந்து ஒட்டினான். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சூடத் தட்டு இரண்டாம் சுற்று வருகிற நேரத்தில், முதல் எழுத்து ஒரு காலைத் தூக்கியது. பிறகு மற்றக் காலைத் தூக்கியது. பிறகு பம்பரில் மிதித்து, நம்பர் பிளேட்டில் மிதித்து, மெதுவாகத் தரையில் இறங்கியது. மற்ற எழுத்துக்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின, புள்ளிகள் மட்டும் கடைசியாகக் குதித்து ஓட்டமாக ஓடிக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டன. தெருவைத் தாண்டி, ரயில்வே கேட் திறக்கும்வரை நின்று, அதையும் தாண்டி, தவசிலிங்கம் கங்காணி வேலை பார்த்த உப்பளத்துக்குப் போய், உப்புக் குவியலின் உச்சியில் வெயிலைப் பார்த்து வரிசையாக நின்றுகொண்டன. "அவிய செத்தும் லீவு போடல, பாத்தியா" என்றாள் அத்தை.

பசை சரியில்லை என்றார் ஒருவர், செவ்வாய்க்கிழமை ஒட்டியது தப்பு என்றார் இன்னொருவர், உப்புக் காற்றில் எதுதான் ஒட்டும் என்று மூன்றாமவர் கேட்டார், அத்தோடு காரணம் தேடும் வேலை முடிந்தது. அடுத்து யார் பேர் என்பதுதான் எல்லாருக்கும் அவசரம். பெரியப்பா தொண்டையைச் செருமினார், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தன் பேரை ஒட்டச் சம்மதித்தார். வண்டிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, டீ கிளாசைக் கையில் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருக்க, சொர்ணவேல் என்ற எழுத்துக்கள் கீழே இறங்கி, அவர் செருப்பை ஒட்டியே நடந்து, அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போய், புரோட்டாக் கடைக்குப் பின்னால் இருந்த சீட்டாட்ட கிளப்பின் படியேறி உள்ளே நுழைந்தன. பெரியப்பா சீட்டை விட்டுவிட்டதாகப் பெரியம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். பெரியம்மா அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"பேரு, ஆளு இருக்க எடத்துக்குப் போவலக்கா" என்றான் பால்துரை, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு. "ஆளோட மனசு கெடக்க எடத்துக்குப் போவுது."

ஆள் பேரே வேண்டாம் என்று டைமண்ட் என்று ஒட்டிப் பார்த்தார்கள், அது நகைக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் அட்டிகையோடு அட்டிகையாகப் படுத்துக்கொண்டது. ஓஷன் என்று ஒட்டினார்கள், அது நேராகக் கடலில் இறங்கியது, வலையில் சிக்கிய எழுத்துக்களை ஒரு மீன்பிடிப் படகுக்காரர் மீன் கூடையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காரை இலவசமாகக் கழுவித் தருவீர்களா என்று கேட்டார்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, புது பஸ் ரூட் விட்டால்கூட அவ்வளவு சீக்கிரம் பழக மாட்டார்கள். தங்களுக்கு வேண்டியவர்களின் மனசு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள், காரைக் கழுவக் கொடுத்தால்தான் பேர் ஒட்டுவோம் என்று கனி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், கார் இல்லாதவர்கள் மச்சான் காரை இரவல் வாங்கி வந்தார்கள், அதுவும் கிடைக்காத ஒருவர் ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அதையாவது கழுவுங்கள் என்றார். கல்யாணம் பேசி முடித்த பெண் ஒருத்தி மாப்பிள்ளையின் பேரை ஒட்டச் சொல்லி, அது வேறு எங்கும் போகாமல் அவன் வளர்க்கும் புறாக்களின் கூண்டில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து, இவ்வளவுதானா என்று நிம்மதியாகி, மஞ்சள் பூசிக் குளிக்கப் போனாள். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஆண்கள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். டிராபிக் போலீஸ்காரர் எழுத்துக்கள் சாலையைக் கடக்கும்போது கையை நீட்டி லாரிகளை நிறுத்தினார். முருங்கை மரத்தில், மாடிப்படியில், கோவில் வாசலில் கிடைத்த எழுத்துக்களை, வழி தவறி வந்த கோழிகளைக் கொடுப்பதுபோல, "இது உங்க வண்டி எழுத்தாக்கா?" என்று கேட்டு ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்தவர் வீட்டு வாசலில் எழுத்து நிற்பதைப் பார்த்தால் பார்க்காததுபோல் போய்விட வேண்டும் என்பது தானாகவே ஒரு மரியாதையாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் வண்டிக்குப் பேர் இல்லை. பேர் தங்காத வண்டி என்று கூப்பிட்டார்கள், அடுக்குமாடிச் செயலாளரோ அதை ஒரு பேராக ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் ஊரே வாயில் போட்டு மென்றும் துப்பாமல் வைத்திருந்த பேர் ஒன்று இருந்தது. ஐகோர்ட்ராஜா பேரை எப்போது ஒட்டப் போகிறார்கள் என்று கண்ணாலேயே கேட்டார்கள். மனசு கிடக்கிற இடத்துப் பக்கம்தானே அவனும் இருப்பான், அவன் பேர் போகிற வழியில் போனால் அவன் கிடைத்துவிடுவான். கனிக்கு அது தெரியாமல் இல்லை. அவன் எங்கே கிடந்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை, அவன் மேல் இருந்த கோபம்கூட ஆறிப்போய், பழைய வாடகை வீட்டு விலாசம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவளுடைய பயமெல்லாம் அத்தையைப் பற்றியது. பெற்ற பிள்ளை இருக்கிற இடம் தெரிந்துவிட்டால் எந்தத் தாய் மருமகளோடு உட்கார்ந்து ஊரான் காரில் பக்கோடாத் தூள் பொறுக்குவாள்? அத்தை போய்விட்டால் கனிக்கு வீடு என்று ஒன்று இல்லை, சுவரும் கூரையும்தான் மிச்சம். அதைவிட மோசமான எண்ணம் ஒன்றும் வரும்: அத்தை இங்கேயே இருக்க, அத்தையின் மனசு மட்டும் என்றைக்கோ ஓசூருக்குப் போய்விட்டிருந்தால்? அவளுடைய பேரை ஒட்டிப் பார்த்தால் ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும். அதற்குத்தான் கனிக்குத் தைரியம் இல்லை.

ஆகவே பால்துரையைத் தனியாகக் கூப்பிட்டு, அத்தை வந்து கேட்டால் ஆரஞ்சு ஷீட் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடு என்றாள். அத்தை கேட்டாள். பால்துரை சொன்னான். அத்தை அவன் கடைக்குள் எட்டி, சுவர் நெடுக அடுக்கியிருந்த ஆரஞ்சுச் சுருள்களைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, டீ போட்டு, கனி கையில் ஒரு கிளாசைக் கொடுத்தாள்.

"ஏட்டி, அவன் பேரை ஒட்டிப் பாப்போம்" என்றாள்.

"எதுக்கு அத்தை இப்ப?"

"ஒருவேள எங்கிட்டயே வந்து நின்னுட்டுன்னா? நான் பெத்தவல்லா. அத ஒரு தடவ பாத்துட்டா எனக்குப் போதும்."

கனியே போய்ப் பால்துரையிடம் ஆரஞ்சு ஷீட்டை எடுக்கச் சொன்னாள். மறுநாள் காலையில் ஐகோர்ட்ராஜா ஒட்டப்பட்டான். தெரு முழுக்கக் கூடியிருந்தது, எழுத்து மதுரை ஐகோர்ட்டுக்குப் போய் வாய்தா வாங்கிவிடுமோ என்று யாரோ சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை வண்டிக்கு நேராக, முந்தானையை இரண்டு கையாலும் லேசாக விரித்துப் பிடித்தபடி, குழந்தை நடை பழகும்போது தாய் உட்காருவாளே, அப்படிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்துக்கள் இறங்கின. அவள் பக்கமாகவே வந்தன. முந்தானை விளிம்பு வரை வந்தன. பிறகு ஒதுங்கி, அவளைச் சுற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு போகிற சாலையில் திரும்பின.

அத்தை எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சரி, எங்கதான் போவுதுன்னு பாத்துட்டு வாறேன்" என்றாள். கட்டைப்பையில் இரண்டு சேலையும், கனி அவசரமாகக் கிளறிய புளிச்சோறும், துவையலும் ஏறின. பெங்களூர் போகிற பஸ்ஸில் எழுத்துக்கள் முதலில் ஏறி உட்கார்ந்திருந்தன. இவற்றுக்கு டிக்கெட் போடுவதா, லக்கேஜ் போடுவதா என்று கண்டக்டர் டிரைவரைக் கேட்டார், டிரைவர் டெப்போவைக் கேட்கச் சொன்னார், அதற்குள் அத்தை எல்லா எழுத்தையும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, "மடிப் பிள்ளைக்கி என்னய்யா டிக்கெட்டு" என்றாள். பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகக் கனியைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள், இஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தையின் போன் சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு கனி தனியாகக் கார் கழுவினாள். வெளிப்பக்கம் கழுவினாள், உள்பக்கமும் கழுவினாள், இரண்டும் சரியாக வரவில்லை. ஒரு வக்கீல் காரின் சீட்டுக்கு அடியில் ஒற்றைக் கொலுசும் அரை டப்பா பல்பொடியும் கிடைத்தன, அதை வைத்து ஒரு கதையும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. வீட்டில் ரசம் வைத்தால் இரண்டு பேருக்கு வைத்துவிட்டு மறுநாளும் அதையே குடித்தாள். அத்தை சண்டை போட்ட நாட்களை நினைத்துப் பார்த்தாள், அந்தச் சண்டைகள்கூட வேண்டியிருந்தன. தெருவில் ஆளாளுக்கு மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள், கொடுக்கும்போதே, மகன் வீட்டுக்குப் போனவ இனி எதுக்கு வரப் போறா என்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். "பெத்த பாசம்னு ஒண்ணு இருக்குல்லா தாயி" என்றார் பெரியப்பா, அவர் நல்லபடியாகத்தான் சொன்னார்.

அடுக்குமாடிச் செயலாளர், திங்கட்கிழமைக்குள் பேரோடு வந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். கனி அன்று சாயங்காலம் பால்துரை கடைக்குப் போனாள்.

"தங்கபுஷ்பம்னு வெட்டு" என்றாள்.

அது யார் பேர் என்று பால்துரைக்கே ஒரு நிமிசம் ஆகித்தான் விளங்கியது. தவசிலிங்கம் பொண்டாட்டி, ராஜா அம்மா, கனி மாமியார் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அத்தைக்கு இப்படி ஒரு பேர் இருப்பது ரேஷன் கடைக்காரர் ஒருவருக்குத்தான் நினைவிருந்தது. விளங்கியதும் பால்துரை கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, இதுவும் எறங்கிப் பெங்களூரு பஸ்ஸுல ஏறிட்டுன்னா?"

"ஏறட்டும். அப்பறமாது நான் ஒராளுக்கு மட்டும் ரசம் வைப்பேன்லா."

மறுநாள் காலையில் ஒட்டினார்கள். சூடம் இல்லை, தேங்காய் இல்லை, ஆனால் ஊர் இருந்தது. புரோட்டா மாஸ்டர் மாவுக் கையோடு வந்து நின்றார், டிராபிக் போலீஸ்காரர் முன்யோசனையாகச் சாலையை முன்பே நிறுத்தி வைத்தார், பஸ் ஸ்டாண்டு வரை போவதற்கு வசதியாக ஜனங்கள் தாங்களாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டிருந்தார்கள். முதல் எழுத்து லேசாக நெளிந்தது. கனி கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தபோது, அந்த எழுத்து, வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாகச் சுவரில் சாய்கிறவர்களைப்போல, இருந்த இடத்திலேயே நன்றாக அழுந்தி உட்கார்ந்திருந்தது. மற்றவையும் அப்படியே. புள்ளிகூட அசையவில்லை.

மாயமே தீர்ந்துபோய்விட்டது, பசை இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்றார்கள். பெரியப்பா தன் பேரை ஒட்டிச் சோதித்துவிடலாம் என்று வீரமாக முன்வந்தார், ஒட்டிய சூடு ஆறுவதற்குள் சொர்ணவேல் இறங்கிப் புரோட்டாக் கடைப் பக்கம் நடையைக் கட்டியது, அவரும் யாரையும் பார்க்காமல் அதன் பின்னாலேயே போய்விட்டார். கனி மோட்டாரைப் போட்டு ஓஸைப் பிடித்து முழு வேகத்தில் அந்தப் பேரின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். ஈரத்தில் பளபளத்துக்கொண்டு அது அப்படியே இருந்தது. ஓசூர் எங்கே இருக்கிறது, இந்தத் தெரு எங்கே இருக்கிறது. கனி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, சத்தமாக அழுதாள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்காததுபோல் மெல்லக் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலையில் பெங்களூர் பஸ்ஸில் இருந்து அத்தை இறங்கினாள். ஆட்டோ பிடித்து வந்தவள், வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள். கட்டைப்பை கையில் இருந்தது, மடி காலியாக இருந்தது.

"அவன் நல்லாருக்கான். ரெண்டு பிள்ளை இருக்கு. மூத்தவ என்னைய மாதிரியே வாய்" என்றாள், கனி கேட்பதற்கு முன்னாலேயே. "இங்கயே இரும்மான்னான். அவன் பேர அவன் கையிலயே குடுத்துட்டு, பத்திரமா வச்சுக்கோ, எனக்குச் சோலி கெடக்குன்னு வந்துட்டேன்." பிறகு வண்டியில் இருந்த பேரைக் காட்டி, "யாருட்டி இது, தங்கபுஷ்பம்?" என்றாள்.

"கூட வேலைக்கி வாறவ" என்றாள் கனி.

அத்தை ஒரு விரலால் முதல் எழுத்தைத் தடவிப் பார்த்தாள், நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்தாள். அது வரவில்லை.

"எப்ப ஒட்டுன?"

"நேத்து காலையில."

"எறங்கலியா?"

"எறங்கல."

அத்தை நெம்பிய விரலை எடுத்துக்கொண்டாள்.

"நேத்து காலையில நான் ஓசூர்லல்லா இருந்தேன்" என்றாள்.

"ஆமா அத்தை."

அத்தை அந்தப் பக்கமாகத் திரும்பி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "பின் வீல்ல சேறு அப்பிக் கெடக்கு, ஊரான் காரத் தொடைக்கப் போற லெட்சணமா இது" என்று திட்டிக்கொண்டே வாளியை எடுத்து மடியில் வைத்துத் தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினாள், அடுக்குமாடி கேட்டில் வாட்ச்மேன் பேரைச் சத்தமாக வாசித்துவிட்டு வண்டியை உள்ளே விட்டார்.